சிறிய பவளத் தொட்டியில் பாசியும் சத்துகளும்: திருநெல்வேலிச் சீமைக்கான கேள்வி பதில்கள்

இரண்டடி, இரண்டரையடி நீளக் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளங்களும் ஒன்றிரண்டு கோமாளி மீன்களும் வளர்ப்பவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சொல்லப்படும் அளவுகள் 60 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளுக்கானவை. நன்னீர்த் தொட்டி வளர்த்துப் பழகியவர்கள் அங்கே கற்றதில் பாதியை மறந்துவிட்டு வருவது நல்லது.

தொட்டி தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மணலும் கல்லும் பழுப்பாகிவிட்டன. இது எதனால்?

இது டயட்டம் எனப்படும் நுண்பாசி. தன் ஓட்டைக் கட்டிக்கொள்ள இதற்குச் சிலிக்கேட் தேவை. புது மணலும் புதுக் கல்லும் சரியாக வடிகட்டப்படாத நீரும் அதைத் தாராளமாகத் தருகின்றன. இருப்புத் தீர்ந்ததும் சில வாரங்களில் பழுப்பு தானாகவே குறையும், அதன் பின் பச்சைப் படலமும் மெல்லிய நூற்பாசியும் வந்து போகும், கடைசியில் கல்லின் மேல் இளஞ்சிவப்பான சுண்ணப்பாசி படரத் தொடங்கும். இந்த வரிசையை மருந்து ஊற்றிக் குறுக்கே வெட்டாமல், கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே சரி. மூன்று மாதம் கடந்தும் பழுப்பு போகவில்லையென்றால் நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகியுங்கள்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு இருக்கலாம்? பூஜ்ஜியமே நல்லதல்லவா?

இவை இரண்டும் பாசிக்கு உணவாகும் சத்துகள். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.10 பிபிஎம் என்ற வரம்புக்குள் இருந்தால் பெரும்பாலான மென்பவளங்களும் பெரிய வாயுள்ள கல்பவளங்களும் நன்றாக வளரும். பூஜ்ஜியத்தை இலக்காக வைப்பது தவறு. பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிக்கும் இதே சத்துகள்தாம் உணவு. அவை அறவே இல்லாத நீரில் பவளம் வெளிறும், அந்த வெற்றிடத்தில் டைனோஃப்ளாஜெல்லேட் எனும் நுண்ணுயிர், இன்னும் மோசமான விருந்தாளி, குடியேறும். நைட்ரேட் 12-ஆக இருந்து அசையாமல் நிற்கும் தொட்டி, வாரம் ஒருமுறை 1-க்கும் 15-க்கும் இடையில் தாவும் தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் பாசி வராது என்று சிலர் சொல்வார்கள். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934-இல் காட்டியது கடல் மிதவை உயிரிகளில் உள்ள அணுக்களின் விகிதத்தை. அதை எடைக்கு மாற்றினால் நைட்ரேட் ஏறத்தாழ 10 பங்குக்குப் பாஸ்பேட் 1 பங்கு என்று வரும். அதன்படி நைட்ரேட் 5 உள்ள தொட்டியில் பாஸ்பேட் 0.5 இருக்க வேண்டியிருக்கும், யாரும் விரும்பாத அளவு அது. ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு இரண்டையும் தனித்தனியே வரம்புக்குள் வைத்திருப்பதே நடைமுறைக்கு உதவும்.

சோதித்துப் பார்த்தால் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டுகிறது. ஆனால் தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. சோதனைப் பெட்டி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சோதனை காட்டுவது நீரில் மிஞ்சியிருக்கும் சத்தை மட்டுமே. பாசி ஏற்கெனவே உறிஞ்சித் தன் உடலாக்கிக்கொண்டது கணக்கில் வராது. உணவு சேர்ந்துகொண்டே இருக்கையில் எண் பூஜ்ஜியமாக நிற்கிறதென்றால், சேர்வதையெல்லாம் பாசி தின்கிறது என்றே பொருள். அந்த நிலையில் பாஸ்பேட் உறிஞ்சியை வாங்கிப் போடுவதால் பவளம் பட்டினி கிடக்குமே தவிரப் பாசி உடனே சாகாது. முதலில் பாசியைக் கையால் வெளியேற்ற வேண்டும்.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். நிற அட்டையோடு ஒப்பிடும் பாஸ்பேட் சோதனையில் 0.03-க்கும் 0.10-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது கடினம். ஹன்னா நிறுவனத்தின் குறைந்த அளவு பாஸ்பரஸ் சோதனைக் கருவியை வைத்திருப்பவர்கள், அது காட்டும் எண் பாஸ்பேட் அன்று, பில்லியனில் ஒரு பங்கு என்ற கணக்கில் பாஸ்பரஸ் என்பதை நினைவில் கொள்ள வேண்டும், 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். கருவி 20 காட்டினால் பாஸ்பேட் 0.06.

இவ்வளவு சத்தும் எங்கிருந்துதான் வருகிறது?

உணவிலிருந்து. கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். உலர்ந்த மீன் உணவில் பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதமும் புரதம் சுமார் 45 சதவீதமும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கிராம் உணவில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். அது பாஸ்பேட்டாக மாறும்போது ஏறத்தாழ 30 மில்லிகிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் அதே ஒரு கிராமில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டானால் 320 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 100 லிட்டர் நீரில் இதைப் பரப்பினால் நைட்ரேட் 3 பிபிஎம்மும் பாஸ்பேட் 0.3 பிபிஎம்மும் கூடும். மீனின் வளர்ச்சிக்கும் பவளத்துக்கும், நுரையோடு கழிவை வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவிக்கும் போவதைக் கழித்த பிறகும், ஒரே ஒரு கிராம் உணவு பாஸ்பேட்டின் மேல் வரம்பைத் தாண்டவல்லது.

இரண்டு கோமாளி மீன்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமா போடுகிறோம் என்று கேட்கலாம். போடுவதில்லைதான். ஆனால் 50 கிராம் டப்பா ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறதென்றால், நாளொன்றுக்கு 0.28 கிராம் ஆகிறது. 100 லிட்டரில் தினமும் 0.08 பிபிஎம் பாஸ்பேட்டுக்கான சரக்கு உள்ளே இறங்குகிறது. டப்பாவின் மேல் வாங்கிய தேதியை எழுதிவையுங்கள். விலையுயர்ந்த பல சோதனைகளைவிட அது அதிகம் சொல்லும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளும் விருந்தினர்களும் ஆளுக்கொரு சிட்டிகை போடுவதைத் தடுக்க டப்பாவை உயரத்தில் வைப்பது அதைவிடச் சிறந்த உத்தி.

உறைந்த இறாலையும் ஆர்ட்டீமியா எனும் சிற்றிறாலையும் அலசிவிட்டுப் போடுவது நல்ல பழக்கமே, ஆனால் பாஸ்பேட்டின் பெரும்பகுதி சதைக்குள் இருப்பதால் அலசுவதன் பலன் சிறிது. அளவைக் குறைப்பதே பலன் தரும். மீன் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் போடாவிட்டால் ஆரோக்கியமான பெரிய மீனுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

உணவுக்கு அடுத்தபடியாகச் சத்து வருவது பழைய கல்லிலிருந்து. சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொண்டு, நீரில் அளவு குறையும்போது மெல்ல வெளியிடும். உப்புப் பூத்த சுவருக்கு எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அது மீண்டும் பூப்பதைப் போல, உறிஞ்சியைப் போட்ட இரண்டாம் நாள் குறைந்த பாஸ்பேட் ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பது இதனால்தான். கல்லின் இருப்புத் தீரும்வரை மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

தாமிரபரணித் தண்ணீரை ஊற்றலாமா? வீட்டு ஆர்.ஓ. நீரும் கேன் தண்ணீரும் எப்படி?

குடிப்பதற்குத் தாமிரபரணித் தண்ணீருக்கு ஈடில்லை என்பதில் இந்த ஊரில் யாருக்கும் ஐயமில்லை. பவளத் தொட்டிக்கு அது வேண்டாம். குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கும், வழியில் வயல் உரமும் சாக்கடையும் சேர வாய்ப்புண்டு, சிலிக்கேட்டும் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர், அதிலும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து நீர், பல இடங்களில் உவர்ப்பானது.

தேவைப்படுவது ஆர்.ஓ. சவ்வைக் கடந்து அயனி நீக்கும் ரெசினையும் கடந்த, கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் நீர். சமையலறை ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத நீரைத் திரும்பக் கலக்கும் திருகோ தாது சேர்க்கும் குடுவையோ இருக்கும். அதனால் அவற்றின் நீர் 50, 80 என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படியே. அந்த நீரைத் தனியாக ஒரு ரெசின் குழல் வழியே விட்டுப் பயன்படுத்தலாம். ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று; மீட்டர் இன்னும் 0 காட்டுகையிலேயே டயட்டம் திரும்பினால் ரெசினை மாற்றுங்கள்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், ஆவியாவது நன்னீர் மட்டுமே. அதோடு வந்த எல்லாம் தொட்டியில் தங்கிவிடும். ஆவியானதற்கு ஈடாக நைட்ரேட் 10 பிபிஎம் உள்ள நீரை நாள்தோறும் 2 லிட்டர் ஊற்றினால், 80 லிட்டர் தொட்டியில் மாதம் ஒன்றுக்கு 7.5 பிபிஎம் அந்த வழியில் மட்டும் சேரும்.

உவரியோ திருச்செந்தூரோ போய்க் கடல்நீரையே கொண்டுவந்தால் செலவு மிச்சமல்லவா?

மிச்சம்தான், இடமும் காலமும் பார்த்து எடுத்தால். பக்தர்கள் நீராடும் திருச்செந்தூர்க் கரை, துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய தூத்துக்குடிக் கரை, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் முகத்துவாரம் ஆகிய மூன்றும் வேண்டாம். உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கங்களில் படகில் போகும் மீனவர் எவரையாவது பழக்கம் வைத்துக்கொண்டு, கரையிலிருந்து நன்கு விலகிய நீரைச் சுத்தமான கேன்களில் எடுத்துவரச் சொல்வதே உகந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளம் வயலையும் ஊரையும் கழுவிக் கடலில் சேர்க்கும்போது உப்பும் குறையும், சத்தும் ஏறும். கடல் பச்சையாகத் தெரியும் நாள்களிலும் எடுக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலூக்கா எனும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின.

கொண்டுவந்த நீரை நெருக்கமான பஞ்சில் வடிகட்டி, இருட்டில் காற்றுக் குழாயோடு இரண்டு வாரம் வைத்து, உப்பளவும் பாஸ்பேட்டும் சோதித்த பின் பயன்படுத்துங்கள். உப்பளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை இருக்க வேண்டும்.

தூத்துக்குடி உப்பளத்து உப்பைக் கரைத்தால் போதாதா?

போதாது. கடல்நீரில் கரைந்திருப்பவற்றில் சோடியமும் குளோரைடும் ஏறத்தாழ 85 சதவீதம். பவளத்துக்கு உயிர்நாடி எஞ்சிய 15 சதவீதத்தில் இருக்கிறது. உப்பளத்தில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும், பிறகு உப்பு விளையும், மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். ஆக, பாத்தியில் வாரிய உப்பு எவ்வளவு வெண்மையாக இருந்தாலும் அதில் கால்சியம் 420, மக்னீசியம் 1300 பிபிஎம் என்ற கடல் அளவு வராது. பவளத் தொட்டிக்கென்று விற்கும் உப்புக் கலவையே தேவை.

எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நீர் மாற்ற வேண்டும்?

வாரம் 10 முதல் 15 சதவீதம் என்பது பொது வழக்கம். அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரேட் 40 உள்ள தொட்டியில் 10 சதவீதம் மாற்றினால் 36-தான் ஆகும். உணவால் வாரம் 2 பிபிஎம் கூடும் தொட்டியில் வாரந்தோறும் 10 சதவீதம் மாற்றிக்கொண்டே இருந்தால் அளவு 20 அருகே வந்து நின்றுவிடும். அங்கேதான் கூடுவதும் கழிவதும் சமமாகின்றன. அதற்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் உணவைக் குறைக்க வேண்டும், அல்லது ஸ்கிம்மர், பாசி வளர்க்கும் அறை போன்ற வேறொரு வாசலைத் திறக்க வேண்டும். நீர் மாற்றும்போது மணலின் மேற்பரப்பையும் கல்லிடுக்கையும் குழாய் வைத்து உறிஞ்சி அழுக்கை எடுப்பது, வெறும் நீரை மொண்டு ஊற்றுவதைவிடப் பலமடங்கு பயன் தரும். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், அது பிடித்த அழுக்கு அங்கேயே அழுகி நைட்ரேட்டாகிவிடும்.

கத்திரி வெயிலில் பாசி பெருகுகிறதே?

வெப்பம் ஏறினால் அழுகலும் விரையும், ஆக்சிஜனும் குறையும். 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவு கரையும் ஆக்சிஜன் 30 பாகையில் 6.2 ஆகும். மன்னார் வளைகுடாவிலேயே 2010-லும் 2016-லும் கோடையில் பவளங்கள் வெளிறின என்றால், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இருக்கும் 80 லிட்டரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. 25 முதல் 27 பாகைக்குள் வையுங்கள்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடியாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைத் திருப்பிவைத்தால் இரண்டு, மூன்று பாகை இறங்கும். வறண்ட காற்றில்தான் இது நன்றாக வேலை செய்யும். பாளையங்கோட்டை வெயிலில் பயன் தெரியும், தூத்துக்குடி, மணப்பாடு போன்ற கரையோர ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவு தெரியாது. விசிறி ஓடினால் நீர் விரைவாக வற்றும், உப்பு ஏறும். ஈடுசெய்யும் நீரைத் தினமும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். விளக்கை மாலையில் தொடங்கி இரவில் அணைப்பது செலவில்லாத இன்னொரு வழி. எட்டு மணி நேர வெளிச்சம் போதும். சன்னல் வெயில் தொட்டியில் விழக் கூடாது.

கல்லெல்லாம் நீளமான பச்சை நூற்பாசி. எப்படி அகற்றுவது?

கையால். பிடுங்கி எடுங்கள், பிடுங்கும்போதே குழாயை அருகில் வைத்து உதிர்வதை உறிஞ்சுங்கள். வெளியே எடுக்கக்கூடிய கல்லைத் தனி வாளிக் கடல்நீரில் வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். பிடிவாதமான இடத்தில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அலசலாம். மருந்துக் கடையில் 20 வால்யூம் என்று தருவது 6 சதவீதம். சம அளவு தூய நீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: பாசியைக் கொல்லக் கல்லைக் கொதிநீரில் போடவே கூடாது. பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பேலிடாக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. அது ஆவியோடு மூச்சில் ஏறி வீட்டாரையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் வேண்டும்.

இறகு போலக் கிளைத்திருந்தால் அது பிரையாப்ஸிஸ். சத்தைக் குறைத்தாலும் எளிதில் போகாது. மனிதருக்கான பூஞ்சை மருந்தாகிய ஃப்ளுகனசோலை லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் இட்டு, ஃபில்டரில் உள்ள கார்பனை (கரித்துகளை) எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் விடுவது வளர்ப்போரிடையே பரவலான முறை. இது ஒன்றுக்குத்தான் மருந்தை ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பச்சைக் குமிழ்ப் பாசியை உடைக்காமல் கல்லோடு சுரண்டி எடுக்க வேண்டும்.

சிவப்பான வழவழப்புப் படலம் மணலை மூடுகிறது. சில இடங்களில் குமிழியோடு பழுப்புச் சளி தொங்குகிறது. இரண்டும் ஒன்றா?

அல்ல. துணிபோல உரிந்து வரும் செம்படலம் சயனோபாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலையில், அழுக்குத் தேங்கிய மணலில் வரும். உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் தரும் வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அடங்கும்.

நூல் நூலாக, நுனியில் குமிழியோடு, இரவில் மறைந்து பகலில் திரும்பும் பழுப்புச் சளி டைனோஃப்ளாஜெல்லேட்டாக இருக்கலாம். கொஞ்சம் எடுத்துப் புட்டியில் குலுக்கி, காப்பி வடிகட்டும் தாளில் வடித்து, தெளிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மீண்டும் நூலாகத் திரண்டால் அதுவே. கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கி கிடைத்தால் ஐயமே இருக்காது. இது சத்து அற்றுப்போன தொட்டியில் வருவதால், உணவைக் குறைப்பதும் நீரை மாற்றுவதும் நிலைமையை மோசமாக்கும். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிட்டு இரண்டு சத்துகளையும் வரம்புக்குள் உயர்த்த வேண்டும். இரவில் நீரில் மிதக்கும் வகையாக இருந்தால் புறஊதா விளக்கும் உதவும்.

பாஸ்பேட் உறிஞ்சி, வினிகர் போன்றவற்றைப் பயன்படுத்தலாமா?

உணவையும் நீரையும் சரிசெய்த பிறகு பயன்படுத்தலாம். ஜிஎஃப்ஓ எனும் இரும்பு ஆக்சைடுத் துகளை, உறையில் சொன்ன அளவில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்; பாஸ்பேட் ஒரே நாளில் சரிந்தால் பவளத்தின் அடிப்பகுதித் திசு உரியும். வினிகர் பாக்டீரியாவுக்குக் கார்பன் தந்து, அவற்றைக் கொண்டு நைட்ரேட்டை உறிஞ்சவைக்கும் முறை. பெருகிய பாக்டீரியாவை வெளியேற்ற நல்ல ஸ்கிம்மர் இல்லாதவர்கள் தொடவே வேண்டாம். தொடங்குவோர் 100 லிட்டருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாக, நிறம் சேர்க்காத வினிகரை இட்டு வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். மின்வெட்டில் ஸ்கிம்மர் நிற்கும் ஊரில், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இல்லாமல் இதில் இறங்குவது ஆபத்து.

பாசி தின்னும் நத்தைகளையும் பவளக் கல்லையும் கடற்கரையிலேயே பொறுக்கிக்கொள்ளலாமா?

கல்லைத் தொடாதீர்கள். கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செத்துக் கிடக்கும் பவளத்தை எடுப்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. சங்கு, சிப்பிகளிலும் சில இனங்கள் சட்டத்தின் கீழ் வருவதால், பெயர் தெரியாததை எடுக்காமலிருப்பதே பாதுகாப்பு. செயற்கைப் பீங்கான் கல் போதும். மீனும் பண்ணையில் பொரித்ததாகவே கேளுங்கள். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியிருக்கிறது.

கடையில் கிடைக்கும் டர்போ, ட்ரோக்கஸ் நத்தைகள் 20 லிட்டருக்கு ஒன்று போதும். அதிகம் விட்டால் பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்து, அவையே சத்தாகிவிடும். அவை குட்டைப் பாசியைத்தான் மேயும், நீண்ட நூலைத் தொடா. பாசி தின்னும் சர்ஜன் மீன்களுக்கு இரண்டடித் தொட்டியில் இடமில்லை.

சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் பெட்டியில்) கீட்டோ எனும் பச்சைப் பாசி வளர்த்தால் பயனுண்டா? வெட்டி எடுத்ததை எங்கே போடுவது?

நல்ல பயனுண்டு. தொட்டி விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் சம்ப் விளக்கு எரிந்தால், சத்தை உறிஞ்சுவதோடு இரவில் பிஎச் சரிவதையும் அது குறைக்கும். மாதந்தோறும் பாதியை வெட்டி வெளியேற்றினால்தான் சத்து வெளியே போனதாகக் கணக்கு. வளரவிட்டு அப்படியே வைத்திருந்தால் ஒன்றும் போகவில்லை. வெட்டியதை நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்துத் தென்னை மூட்டில் போடலாம். வாய்க்காலிலோ ஆற்றிலோ கடலிலோ வீசக் கூடாது. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவருகே உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்துவிட்ட அனுபவம் மன்னார் வளைகுடாவுக்கு ஏற்கெனவே உண்டு. வேண்டாத மீனுக்கும் நத்தைக்கும் இதே விதிதான்: வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.